கேப்பை நம்ம ஊர்ப் பயிர் இல்லையாமே?

வெயில்மூலை
சனி, காலை 7.40

நேற்று கடையில் ஒரு கேழ்வரகு மாவுப் பொட்டலம் வாங்கினேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'தமிழ் மண்ணில் பிறந்த தானியம்' என்று போட்டிருந்தார்கள். எட்டாவது படிக்கும் என் பையன் அதைப் பார்த்துவிட்டு, "இது ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததுப்பா, ஒரு வீடியோவுல பாத்தேன்" என்றான். நான் திருநெல்வேலிப் பக்கம். கேப்பைக் கூழும் வெங்காயமும் தின்று வளர்ந்தவன். "போடா" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் உறுத்துகிறது. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து பார்க்கும் இடமெல்லாம் 'நம் பாரம்பரியம்' பலகைதான். உண்மை என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தி வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.


முத்துக்குளி
சனி, காலை 8.15

தம்பி, வெள்ளைக்காரன் எழுதினா எல்லாமே வெளியிலிருந்துதான் வந்திருக்கும். உலகத்துக்கே சோறு போட்டவன் நாம. கப்பல் ஓட்டுனவன் நாம. கேப்பை இங்கேயிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போச்சுன்னு ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்க? எங்க ஊர் வரப்புல, ரோட்டு ஓரத்துல, பள்ளிக்கூட மைதானத்துல எல்லாம் கேப்பை மாதிரியே கதிர் விடுற புல்லு தானா முளைக்குது. விரல் விரலா இருக்கும். அதுதானே காட்டுக் கேப்பை? தாய் இங்கே இருக்கும்போது பிள்ளை எப்படி அங்கே பிறக்கும்? இதுக்குப் பதில் சொல்லட்டும்.


கரிவிதை
சனி, காலை 10.02

முத்துக்குளி அண்ணா, வரப்புப் புல்லைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. 19ஆம் நூற்றாண்டில் பயிர்களின் பூர்வீகத்தைத் தேடிய சுவிஸ் தாவரவியலாளர் அல்போன்ஸ் த கண்டோலும் ராகி இந்தியாவில் பிறந்தது என்றுதான் நினைத்தார். அதனால் உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது!

ஆனால் குரோமோசோமை எண்ணத் தொடங்கிய பிறகு கதை மாறிவிட்டது. நம் ஊர் ரோட்டோரப் புல்லுக்கு 18 குரோமோசோம். வயலில் இருக்கும் ராகிக்கு 36. அதே 36 உள்ள, ராகியோடு தானாக ஒட்டி விதை வைக்கிற காட்டுவகை ஒன்று உண்டு. அதன் வீடு ஆப்பிரிக்கா. எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வரையுள்ள மேட்டு நிலங்களில்தான் மனிதர்கள் அதைப் பயிராக்கியிருக்கிறார்கள். நம் ரோட்டோரப் புல்லும் அந்த வம்சத்தில் ஒரு பாட்டன் முறைதான், ஆனால் தாய் இல்லை.

என் வேலையே இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அகழாய்வுக் குழியில் அள்ளிய மண்ணைத் தண்ணீரில் கரைப்போம். கரியாகிப்போன விதைகள் மேலே மிதக்கும். அவற்றை மெல்லிய சல்லடையில் பிடித்து, நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அடுப்பில் தவறி விழுந்து கருகியதுதான் எங்களுக்குக் கிடைக்கும். ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிட்ட வீட்டில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்தியாவில் 4000 ஆண்டுக்கு முன்பே ராகி இருந்தது என்று பழைய அறிக்கைகள் சில சொல்கின்றன. டோரியன் ஃபுல்லர் என்ற தொல்தாவரவியலாளர் அவற்றைத் திரும்பப் பரிசீலித்தபோது, பல இடங்களில் ராகி என்று எழுதியிருந்தது உமி கழன்ற வேறு சிறுதானியம் என்று தெரிந்தது. கர்நாடகத்தில் துங்கபத்திரைக் கரையில் ஹள்ளூர் என்ற ஊர். அங்கே கிடைத்த நம்பத்தகுந்த ராகி ஏறக்குறைய கிமு 1000ஐ ஒட்டியது. அதாவது 3000 வருஷம். போதாதா?

கம்பு இன்னும் தூரம். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய மாலி நாட்டின் வடக்கே திலெம்சிப் பள்ளத்தாக்கில், பானை வனைந்த களிமண்ணில் கம்பு உமியைக் கலந்திருக்கிறார்கள். அந்தத் தடயத்துக்கு வயது கிமு 2500 அளவு. சோளத்துக்கும் அதே மாதிரி சாட்சி சூடானின் கிழக்கே, கசலாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிமு 3000க்கும் முந்தையது. இரண்டு இடத்திலும் சாட்சி சொன்னது பானை ஓடுதான். உமியைக் கீழே கொட்டாமல் மண்ணில் பிசைந்த அந்தக் குயவர்களுக்குத்தான் நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.


தகடூரான்
சனி, இரவு 9.30

பகல்ல காட்டுல வேலை, இப்பத்தான் பார்த்தேன். பென்னாகரம் பக்கம் நமக்கு மூணு ஏக்கர் மானாவாரி. ஆடியில விதைச்சா கார்த்திகை, மார்கழியில கதிர் கிள்ளுவோம். எங்களுக்கு அது ராகி. கொங்குப் பக்கம் போனா ஆரியம். நெல்லைக்காரருக்குக் கேப்பை. கேழ்வரகுன்னு கடைக்காரன்தான் சொல்றான்.

வரலாறு எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்க அம்மா வரகும் சாமையும் குத்தின கதையைச் சொல்லுவாங்க. வரகுக்கு ஏழு தோலும்பாங்க. மண்ணுல செஞ்ச திரிகையில ஒரு தடவை, உரல்ல ஒரு தடவை, முறத்துல புடைச்சு மறுபடி உரல்ல. பொழுது விடியறதுக்கு முன்னாடி எழுந்தாத்தான் மத்தியானம் சோறு. ராகிக்கு அந்தப் பாடு கிடையாது. அடிச்சு, தூத்தி, நேரா திரிகையில போட்டா மாவு. உலையில கொட்டிக் களிக்கம்பு போட்டுக் கிண்டினா முடிஞ்சுது. எந்த மகராசி கொண்டாந்தாளோ, நல்லா இருக்கட்டும்.

இன்னொண்ணு. நாங்க ராகியை மட்டும் விதைக்கிறது கிடையாது. இத்தனை சாலுக்கு ஒரு சால் மொச்சை போடுவோம். அதுதான் எங்க தாத்தன் காலத்து முறை. ராகி போனாலும் மொச்சை நிக்கும்.


கரிவிதை
சனி, இரவு 10.11

தகடூரான் அண்ணா, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், இங்கே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த மொச்சையும் ஆப்பிரிக்காதான். அவரை, மொச்சை இரண்டும் ஒரே இனம். அதன் காட்டு உறவுகள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. தட்டைப்பயறும் (காராமணி என்பார்களே, அது) அங்கிருந்து வந்ததுதான். ஹள்ளூரில் கம்பும் அவரையும் ராகிக்கு முந்தியே வந்துவிட்டன. உங்கள் வயலில் பக்கத்துப் பக்கத்துச் சாலில் நிற்கும் இரண்டும் கடல் தாண்டி வந்தவை.


வெயில்மூலை
சனி, இரவு 10.25

மொச்சையுமா? பொங்கலுக்கு மொச்சைக் குழம்பு வைக்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கிற கரும்பாவது நம்முடையதா?


ஏட்டுச்சுவடி
ஞாயிறு, காலை 6.05

முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கரும்பைக் கேட்டதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

புறநானூற்றில் 99ஆம் பாட்டு, ஒளவையார் அதியமானைப் பாடியது. அதில் அவன் முன்னோரைப் பற்றி 'அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்' என்று வருகிறது. கிடைத்தற்கரிய கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் என்று பொருள். கரும்பு வெளியிலிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டும் என்று அந்த அவைக்குத் தோன்றவில்லை. கொண்டுவந்தது புகழ். அதைப் பாட்டில் ஏற்றினார்கள். அதியமான் ஊர் எது? தகடூர். இன்றைய தருமபுரி. நம் தகடூரான் தம்பியின் ஊர்.

(கரும்பின் மூதாதை நியூகினித் தீவு என்று படித்திருக்கிறேன். கரிவிதை சரிபார்க்கவும்.)

இன்னொன்று, பெயர். 'கேழ்' என்றால் நிறம். கேழ்வரகு என்றால் நிறமுள்ள வரகு, செவ்வரகு. வரகு இங்கேயே இருந்தது. புதிதாக ஒரு செந்நிறத் தானியம் வந்தது. 'இது என்ன?' என்றதற்கு, 'அதுவும் ஒரு வரகுதான், சிவப்பு வரகு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பல நூறு ஆண்டு கழித்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக ஒரு காரக்காய் வந்தபோதும் இதையேதான் செய்தார்கள். மிளகு போல் உறைக்கிற காய், மிளகாய். தமிழ் புதியவனைப் பழையவன் பெயரால் கூப்பிடும். அப்படிக் கூப்பிட்ட இரண்டு தலைமுறையில் வந்தவன் வந்தவன் என்பதே மறந்துபோகும்.


கரிவிதை
ஞாயிறு, காலை 8.50

ஐயா, நியூகினி சரிதான். வாழையும் அந்தப் பக்கம்தான் முதலில் பயிரானது. கேழ் பற்றி நீங்கள் சொன்னதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.


வன்னித்தம்பி
ஞாயிறு, காலை 9.20

எங்கட பக்கத்தில கேழ்வரகு எண்டு ஆரும் சொல்லுறேல்லை. குரக்கன். அம்மம்மா குரக்கன் மாவில பிட்டு அவிச்சுத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தருவா. தோட்டத்தில ஒண்டும் விளையாத காலத்திலயும் குரக்கன் விளையும் எண்டு சொல்லுவா.

சிங்களத்திலயும் குரக்கன்தான். ராகியின்ர விஞ்ஞானப் பெயரில வாற 'கொரகானா' எண்ட சொல்லே இந்தக் குரக்கனிலிருந்து போனது. ஆப்பிரிக்காப் பயிருக்கு உலகம் முழுக்க இலங்கைப் பெயர்! ஆர் ஆரிட்ட இருந்து வாங்கினது எண்டு பெயரை வைச்சுச் சொல்லேலாது போல.

ஏட்டுச்சுவடி ஐயா, மிளகாயை எங்கட ஆக்கள் கொச்சிக்காய் எண்டும் சொல்லுறவை. கொச்சித் துறைமுகத்தால வந்த காய். அமெரிக்காவை ஆர் கண்டது, கொச்சிதான் கண்ணுக்குத் தெரிஞ்ச கடைசி இடம்.


ஏட்டுச்சுவடி
ஞாயிறு, காலை 9.41

தம்பி, இதே கோளாறு புளியிலும் உண்டு. அரபியர் அதைத் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை என்றார்கள். ஐரோப்பா முழுக்க அந்தப் பெயர்தான் போனது. மரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா.


முத்துக்குளி
ஞாயிறு, காலை 10.30

அப்ப எதுதான்யா நம்மளோடது? கேப்பை இல்ல, கம்பு இல்ல, சோளம் இல்ல, மொச்சை இல்ல, புளி இல்ல. தினையாவது உண்டா? அதையும் பிடுங்கிருவீங்களா? குறவர் வீட்டுப் பொண்ணு தினைப்புனம் காத்துத்தான் முருகன் வந்தாரு.


கரிவிதை
ஞாயிறு, மதியம் 12.15

அண்ணா, திட்டாதீர்கள். இன்று நாம் சாப்பிடும் தினை முதலில் பயிரானது வட சீனத்தில், மஞ்சளாற்றுச் சமவெளியில். பனிவரகும் அங்கேதான்.


முத்துக்குளி
ஞாயிறு, மதியம் 12.17

முருகன் சாப்பிட்டது சீனத் தானியமா!! நான் இந்த இழையை விட்டுப் போறேன்.


நெறியாளர்
ஞாயிறு, மதியம் 12.40

நடுவில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாரும் யாருடைய சாதியையும் சம்பளம் தருபவர்களையும் பற்றிப் பேச வேண்டாம். பயிரைப் பற்றிப் பேசுங்கள்.


கரிவிதை
ஞாயிறு, மதியம் 2.30

முத்துக்குளி அண்ணா திரும்பி வருவார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், அவர் கேள்வி நியாயமானது.

தென்னிந்தியாவுக்கே உரிய பழைய சாப்பாடு இருக்கிறது. பெல்லாரிக்குப் பக்கத்தில் சங்கனகல்லு போன்ற குன்றுகளில் ஏறக்குறைய 4000 ஆண்டுக்கு முன் மாடு மேய்த்தவர்கள் கொள்ளும் பச்சைப்பயறும் சாப்பிட்டார்கள். கூடவே இரண்டு சின்னத் தானியங்கள். அதில் ஒன்றைக் கன்னடக்காரர்கள் இன்றும் கொறலே என்று விதைக்கிறார்கள். இன்னொன்று இன்று பலருக்கும் வெறும் களை, நடந்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும் புல். வரகு, சாமை, உளுந்து, எள், கத்தரி, மிளகு எல்லாம் இந்த நாட்டுப் பிறப்பு. துவரை, இன்றைய ஒடிசா, பஸ்தர் காடுகளின் ஓரத்தில் பயிரானது.

ஆப்பிரிக்கத் தானியங்கள் வந்தபோது இவற்றைத் துரத்தவில்லை. அதே மழைக்காலத்தில் விதைத்து அதே பருவத்தில் அறுக்கலாம், பக்கத்தில் ஒரு சாலில் போட்டுப் பார்க்கலாம். விவசாயி எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கம்பும் சோளமும் மணி பெரிசு. ராகி மணி சின்னது, ஆனால் தகடூரான் அண்ணாவின் அம்மா சொன்ன காரணம் போதும். எங்கள் கட்டுரைகளில் இதை 'உமி நீக்கும் உழைப்பு' என்று இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போவோம். விடியும் முன் எழுந்தவர்கள் பற்றி எழுதுவதில்லை.


கம்பாலாவாசி
ஞாயிறு, மாலை 5.10

உகாண்டாவில் ஆறு வருஷமாக வேலை. இந்த இழையை ஆபீசில் மறைத்து வைத்துப் படித்தேன்.

வந்த புதிதில் மேற்கு உகாண்டாவில் ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு போட்டார்கள். மூடி போட்ட ஓலைக்கூடை. திறந்தால் சாக்லேட் நிறத்தில் உருண்டை, ஆவி பறக்கிறது. பிய்த்து, கட்டை விரலால் குழி பண்ணி, குழம்பில் தொட்டு, மெல்லாமல் விழுங்கினேன். அந்த வீட்டம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். எங்கள் பாட்டி என்றேன். சேலத்துக்காரனுக்குக் களி விழுங்கத் தெரியாதா?

அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கலோ. மேற்கே கரோ என்பார்கள். காலையில் அதையே கஞ்சியாகக் குடிக்கிறார்கள். தெசோப் பகுதியில் ராகியைப் புளிக்கவைத்து அஜோன் என்ற கள் மாதிரி ஒன்று. நடுவில் ஒரு பெரிய பானை, சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு நீளக் குழாயால் உறிஞ்சுவார்கள்.

களி, கலோ! ஒரே சொல்தானே?


ஏட்டுச்சுவடி
ஞாயிறு, மாலை 5.32

இல்லை தம்பி. களி என்பது குழைவு, களிமண் என்பதோடு சேர்ந்த சொல். இரண்டு எழுத்து ஒத்துப்போனதை வைத்து மொழி உறவு பேசினால் உலகில் எல்லாமே தமிழாகிவிடும். முத்துக்குளி சந்தோஷப்படுவார், நான் மாட்டேன்.


கம்பாலாவாசி
ஞாயிறு, மாலை 5.40

சரிங்க ஐயா. ஆனால் விழுங்குகிற முறை ஒன்று. அதை விட்டுத்தர மாட்டேன்.

ஒரு எதிர்ப்பக்கமும் உண்டு. இவர்கள் தினமும் சாப்பிடும் மத்தோக்கே, அதாவது அவித்த பச்சை வாழைக்காய், ஆசியாவிலிருந்து இங்கே வந்த பயிர். உகாண்டாக்காரரிடம் சொன்னால் உங்களைப் போலத்தான் கோபப்படுகிறார்கள்.


வெயில்மூலை
ஞாயிறு, மாலை 6.00

எனக்கு ஒன்று புரியவில்லை. முசிறி, யவனர், பருவக்காற்று எல்லாம் 2000 வருஷக் கதை. ராகி 3000 வருஷம், கம்பு அதற்கும் முந்தி என்கிறீர்கள். அப்போது எந்தக் கப்பல், எந்த வணிகர்?


கரிவிதை
ஞாயிறு, இரவு 7.45

இந்தத் துறையில் இன்னும் சண்டை நடக்கும் இடம் இதுதான்.

முதலில் தரைவழியை நினைத்தார்கள், எகிப்து, மெசொப்பொத்தாமியா, ஈரான், சிந்து என்று. ஆனால் அந்த வழியில் கம்பும் ராகியும் அந்தக் காலத்தில் தடம் விட்டதாகத் தெரியவில்லை. அங்கே மழை குளிர்காலத்தில். கோதுமை, பார்லி நாடு. கோடை மழையில் விளையும் பயிருக்கு அங்கே வேலை இல்லை. ஆக மிஞ்சுவது அரபிக்கடலின் விளிம்பு. ஆப்பிரிக்கக் கொம்பு, ஏமன், ஓமான், மக்ரான், குஜராத்.

ஓமானின் கிழக்கு முனையில் ராஸ் அல்-ஜின்ஸ். ஏறக்குறைய கிமு 2500இல் அங்கே படகு கட்டியிருக்கிறார்கள். நாணலைக் கட்டி, மேலே தார் பூசிய படகு. அந்தத் தார்க் கட்டிகள் ஒருபக்கம் நாணல் பதிந்தும் மறுபக்கம் பார்னக்கிள் என்ற சிறு கடலுயிரிகளின் ஓடு ஒட்டியும் கிடைத்தன. அதே இடத்தில் சிந்துவெளிப் பானை ஓடுகளும் இருந்தன. அரசரும் பெருவணிகரும் செம்பையும் சிவப்புக் கல்மணியையும் அனுப்பினார்கள். தானியத்தை அப்படி யாரும் அனுப்பியதாகத் தோன்றவில்லை. கரையோரமாக மீன் பிடித்து, ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்கு நகர்ந்த சிறிய மனிதர்கள் கையில்தான் அது வந்திருக்க வேண்டும் என்பது ஃபுல்லர் போன்றவர்கள் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் விதையை அவர்கள் ஏன் சுமந்தார்கள் என்பதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை.


முத்துக்குளி
ஞாயிறு, இரவு 9.05

போறேன்னு சொன்னவன்தான், இதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியல.

தங்கச்சி, எங்க அப்பா தூத்துக்குடியில தோணித் தண்டல், அதாவது தோணியை நடத்துற தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் கட்டிப் போன ஆளு. நானும் சின்ன வயசுல ரெண்டு நடை போயிருக்கேன். சரக்கு வேற, சாப்பாடு வேற. சரக்கு முதலாளியோடது, கணக்கு உண்டு. சாப்பாட்டு மூட்டை எங்களோடது. அரிசி, பருப்பு, புளி, கருவாடு, மிளகாய். காத்து விழுந்துபோச்சுன்னா எந்தக் கரையிலயாவது பத்து நாள், இருபது நாள் கிடக்கணும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல யாரும் கடலுக்கே இறங்க மாட்டாங்க. அந்த நாள்ல கரையில இருக்கிறவங்ககிட்டக் கொடுத்து வாங்கித்தான் சாப்பிடுவோம். அவன் மீன் தருவான், நாங்க பருப்பு தருவோம்.

விதையை ஏன் சுமந்தாங்கன்னு கேட்டீங்களே. விதைன்னு எவன் சுமப்பான்? சாப்பாடுன்னு சுமந்திருப்பான். அரிசியைச் சிந்தினா முளைக்காது, நெல்லுதான் முளைக்கும். கேப்பை அப்படியா? திங்கிற மணியே விதை மணி. மழை பெஞ்ச கரையில ஒரு பிடி சிந்தியிருந்தாப் போதும்.


கரிவிதை
ஞாயிறு, இரவு 9.20

அண்ணா.

இதை நான் எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. கம்பு, சோளம், ராகி மூன்றுமே அடித்ததும் உமியை உதறிவிடும் தானியங்கள். சமைக்க வைத்திருக்கும் மணிக்கும் விதைக்கு வைத்திருக்கும் மணிக்கும் வித்தியாசமே இல்லை. தகடூரான் அண்ணாவின் அம்மாவுக்கு ராகி பிடித்த காரணமும், அது கடலைத் தாண்டிய காரணமும் ஒன்றாகவே இருக்கலாம். அனுமதி கொடுத்தால் என் ஆய்வேட்டில் 'ஒரு தண்டலின் மகன் சொன்னது' என்று எழுதுவேன்.


முத்துக்குளி
ஞாயிறு, இரவு 9.31

எழுதுங்க. தினை சீனம்னு மட்டும் பெரிய எழுத்துல போடாதீங்க.


பினாங்கு மல்லிகா
திங்கள், காலை 7.15

மலேசியாவிலிருந்து. எல்லாரும் மேற்கே பார்க்கிறீர்களே, கிழக்கே திரும்பவே மாட்டீர்களா?

எங்கள் பசாரில் தினமும் வாங்கும் தவுகே என்ன? பச்சைப்பயறு முளை. இங்கே சீனர், மலாய்க்காரர் யார் சட்டியிலும் இருக்கும். ஒரு தடவை தாய்லாந்தின் தெற்குக் கரைக்குச் சுற்றுலாப் போனபோது பூ காவ் தோங் என்ற இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்திருக்கிறது. அந்த வட்டாரத்தில் 2000 ஆண்டுக்கு மேல் பழைய பச்சைப்பயறும் கொள்ளும் கூட இருந்தன. ஓடு கிடைத்ததைத்தான் தமிழ்ப் பத்திரிகையில் போடுகிறார்கள். பயறைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். எழுத்தை விடப் பயறுதானே இன்றுவரை நிலைத்தது?

வியட்நாமில் மெக்கோங் ஆற்றின் கழிமுகச் சமவெளியில் ஓக் இயோ என்ற பழைய துறைமுகத்தில் ஒரு அம்மிக்கல் எடுத்திருக்கிறார்கள். நம் அம்மி மாதிரியே. அதன் மேல் ஒட்டியிருந்ததைச் சோதித்தால் மஞ்சள், இஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய், இலவங்கப்பட்டை என்று எட்டு வகை. கிராம்பும் ஜாதிக்காயும் கிழக்கே மலுக்குத் தீவுகளில் மட்டும் விளைந்த காலம் அது. 2023இல் அந்த ஆய்வு வெளியானபோது என் அத்தை படத்தைப் பார்த்துவிட்டு, "அரைச்சவ கல்லைக் கழுவாமப் போயிட்டா" என்றார்.


கரிவிதை
திங்கள், காலை 8.30

மல்லிகா அக்கா, உங்கள் அத்தையை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

இதே போல எகிப்தில் செங்கடல் கரையில் பெரெனிகே. அங்கே ஒரு கோயிலில் புதைத்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அதே ஊர்க் குப்பைமேட்டில் அரிசி, பச்சைப்பயறு, தேங்காய் ஓடு எல்லாம் கிடைத்தன. மிளகு விற்கப் போனது. பச்சைப்பயறை ரோமானியர் விலை கொடுத்து வாங்கினார்கள் என்று நான் நினைக்கவில்லை. நம் ஊர் ஆட்கள் தாங்கள் பொங்கித் தின்ன எடுத்துப்போனது அது. இன்னும் வடக்கே குசைர் அல்-காதிமில் ஒரு பானை ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது, அதாவது உறியில் தொங்கவிடும் பானை. அரண்மனைச் செய்தி எதுவும் இல்லை, அடுப்படிச் சாமான். முத்துக்குளி அண்ணா சொன்ன சாப்பாட்டு மூட்டைதான் இங்கேயும்.


வெயில்மூலை
திங்கள், இரவு 8.10

பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பதிலுக்கு அவன் இன்று இரவு சாம்பாரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டான். துவரை ஒடிசா. புளி ஆப்பிரிக்கா. மிளகாய் அமெரிக்கா. மல்லியும் வெந்தயமும் மேற்காசியப் பக்கம். பெருங்காயம் ஆப்கான், ஈரான். (அதை இமாச்சலத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் நட்டதே 2020 அக்டோபரில்தான் என்று படித்தேன். அதுவரை முழுக்க இறக்குமதி.) கத்தரிக்காய் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கடைசியில், "அப்ப சாம்பார் யாரோடது?" என்றான். அம்மாவோடது, தட்டைக் கழுவு என்றேன்.


தகடூரான்
திங்கள், இரவு 9.50

எல்லாத்தையும் அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். எண்பத்தி ரெண்டு வயசு. "கடல்ல வந்துச்சா? அதான் அவ்வளவு நாள் கெடாம இருக்கு" அப்படின்னாங்க. குழியில கொட்டி மூடின ராகியை வருஷக்கணக்குக் கழிச்சு எடுத்துத் தின்ன ஆளு அவங்க.


கரிவிதை
திங்கள், இரவு 10.05

அண்ணா, ஒரு உதவி. பழைய கரிவிதையை அடையாளம் காண, இன்றைய விதையை நாங்களே அடுப்பில் கருக்கி ஒப்பிட்டுப் பார்ப்போம். கடையில் கிடைப்பது எல்லாம் புது ரகம். கொல்லிமலையிலிருந்து சுருட்டைக் கேழ்வரகும் சாட்டைக் கேழ்வரகும் ஒரு முறை வாங்கினேன். உங்கள் பக்கத்துப் பழைய ரகம் ஏதாவது இருந்தால் நான்கு கதிர் அனுப்ப முடியுமா? அடிக்காமல், கதிராகவே.


தகடூரான்
திங்கள், இரவு 10.20

மார்கழி அறுப்புல தனியா எடுத்து வைக்கிறேன் பாப்பா. நாலு என்ன, ஒரு கட்டு அனுப்பறேன். பக்கத்துச் சால் மொச்சையும் போடவா?


கரிவிதை
திங்கள், இரவு 10.21

போடுங்கள் அண்ணா. உமியையும் தூற்றாமல் தனிப் பையில்.